தெற்கு முனைக் கடிகாரம்

எங்கள் கால்பந்துக் கழகத்தின் ஆண்டு மலருக்காகப் பழைய ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் தொலைபேசியில் கேட்டார். பசையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

"அந்த அடிதடி ஆளா? வேண்டாம் சார். நல்லவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே."

எழுதினால் அவரைப் பற்றித்தான் எழுதுவேன், அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பசை எங்கள் கோல்கீப்பர். ஏழு சீசன்களில் 143 ஆட்டங்கள் ஆடினார். தடுத்த பந்துகள் 611, உள்ளே விட்டவை 158. பந்து அவர் கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ரசிகர்கள் வைத்த பெயர் அது. கழகத்துக்கு வருமுன் முட்டை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் தட்டு இறக்கும் வேலை பார்த்தார். "ஒரு முட்டை உடைஞ்சா முதலாளி எங்க பரம்பரையையே இழுப்பாரு சார். அதுக்குப் பயந்தே கை இப்படிப் பதமாயிடுச்சு," என்பார்.

நான் அப்போது கழகத்தின் ஆட்டப் பதிவாளர். எந்த நிமிடத்தில் என்ன நடந்தது, யார் செய்தார் என்பதைப் பார்வையாளர் மாடத்துக்கு மேலிருந்த சிறிய அறையில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. ஆட்டம் முடிந்ததும் பசை குளித்துவிட்டு ஈரத்தலையோடு மாடியேறி வருவார்.

"இன்னைக்கு எத்தனை சார்?"

"ஒன்பது."

"பதினொண்ணு இருக்கும்னு நினைச்சேனே."

நான் பதிவேட்டைத் திருப்பி, அவர் தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் உரிய நிமிடத்தை வாசித்துக் காட்டுவேன். "நீங்க எழுதினா சரிதான் சார். எனக்குத்தான் தலை சுத்தியிருக்கும்," என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். தன் நினைவைவிட என் பதிவேட்டை அவர் நம்பினார். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை எழுதவே இப்போது கூசுகிறது.

மைதானத்தின் தெற்கு முனையில், கோலுக்குப் பின்னால், ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அது எப்போதும் நான்கு நிமிடம் முந்தி ஓடும். அது பழுதல்ல. வாயிற்காவலர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு பகுதிக் கூட்டம் முன்னதாகவே எழுந்துவிடும், ஆட்டம் முடியும்போது வாசலில் நெரிசல் குறையும். மேலே அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. கீழே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். நான்கு முனைகளின் காவலர்களும் தங்கள் பக்கம் நடந்ததைச் சீட்டில் நேரத்தோடு எழுதி ஆட்டம் முடிந்ததும் எனக்கு அனுப்புவார்கள். தெற்கு முனைச் சீட்டு வந்தால் அதிலுள்ள நேரத்தில் நான்கைக் கழித்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். பதினோரு ஆண்டுகள் அப்படிச் செய்தேன். ஒரே ஒருநாள் செய்யவில்லை.

அன்று முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு சாதாரணப் பந்து பசையின் கால்களுக்கு இடையே புகுந்து கோலாகிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு அவர் தெற்கு முனைக்கு வந்து நின்றார். அங்கே மார்பளவு வேலி. வேலிக்கும் கோலுக்கும் இடையே ஆறு காலடி வைக்கலாம், அவ்வளவுதான். வேலிக்குப் பின்னால் இருந்தவர்கள் எதிரணி ரசிகர்கள் அல்ல, நம் ஆட்கள்தான்.

"டேய் பசை, காஞ்சு போச்சாடா? கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்கு!"

"இவனை வெச்சுச் செவுத்துல போஸ்டர்கூட ஒட்ட முடியாது!"

"வீட்டுக்குப் போய்க் கொழந்தைக்குப் பால் பாட்டிலையாவது ஒழுங்காப் பிடிடா!"

அவருக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு மகள். பசை திரும்பிப் பார்க்கவில்லை. 4.41க்கு, பந்து வடக்கு முனையில் இருந்தபோது, யாரோ ஒரு கனமான டார்ச் பேட்டரியை எறிந்தார்கள். அது அவருடைய இடது காதைக் கிழித்தது. நடுவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பந்தின்மேல் இருந்தது. 4.42க்குப் பசை வேலியைத் தாண்டி, முன்வரிசையில் குனிந்து ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த ஒருவரை மூன்று முறை குத்தினார். அவர் குழாய் ரிப்பேர் செய்பவர். பேட்டரியை எறிந்தவர் அவர் அல்ல. அவருக்குத் தாடை விலகியது, இரண்டு பற்கள் போயின.

குத்தியதை நான் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் எழுதினேன். பிறகு பதிவாளர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். எழுந்து நின்று, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது பின்னால் வரும். கீழ்வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆட்டம் அத்துடன் நின்றது. சீட்டுகள் வந்தன. கோபம் அடங்கவில்லை, கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. தெற்கு முனைச் சீட்டில் "4.45, ரசிகர் பேட்டரி எறிந்தார், கீப்பர் காதில் ரத்தம்" என்று மட்டும் இருந்தது; எல்லோரும் பார்த்த குத்தைக் காவலர் எழுதவில்லை. அப்படியே ஏற்றினேன். ஆகவே பதிவேடு சொன்னது இது: 4.42க்குக் கோல்கீப்பர் ரசிகரைத் தாக்கினார், 4.45க்கு ரசிகர் தரப்பிலிருந்து பேட்டரி எறியப்பட்டது.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான்கைக் கழிக்காதது நினைவுக்கு வந்தது. உடனே போய்த் திருத்தியிருக்கலாம். பதிவேட்டில் திருத்தத்துக்கென்று ஒரு முறை உண்டு. சிவப்பு மையில் கோடிட்டு, சரியானதை எழுதி, காரணத்தையும் எழுதி, பதிவாளரும் பாதிக்கப்பட்டவரும் கையெழுத்திட வேண்டும். அதுவரை என் பதிவேடுகளில் ஒரு சிவப்புக் கோடு கிடையாது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? நான் கத்திக்கொண்டிருந்தேன் என்றா? தேவைப்பட்டால் லீக்காரர்களே கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கொப்பளித்தேன்.

அவர்கள் கேட்கவும் செய்தார்கள். லீக் விதிப்படி, ரசிகர் முதலில் தாக்கி ஆட்டக்காரர் திருப்பி அடித்திருந்தால் ஆறு ஆட்டங்களுக்குத் தடை. எந்தத் தூண்டுதலும் இல்லாமல் அடித்திருந்தால் இரண்டு ஆண்டுகள். விசாரணை மேசையின் ஒரு பக்கம் பசை, காதில் கட்டோடு. மறுபக்கம் நான், பதிவேட்டோடு. குழாய்க்காரர் தாம் எதையும் பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார். தெற்கு முனைக் காவலரின் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். காவலரைக் கூப்பிடவில்லை.

"இல்ல சார், காதுல ஏதோ பட்டுச்சு. மண்டைக்குள்ள மணியடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நான் வேலி தாண்டினேன்," என்றார் பசை.

விசாரணைக் குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நேரமெல்லாம் சரிதானே?"

"பதிவேட்டுல இருக்கிறபடிதான் சார்," என்றேன்.

தலைவர் பதிவேட்டைப் பசையின் பக்கம் திருப்பி, வரியில் விரலை வைத்தார். பசை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார் எழுதியிருந்தா அதுதான் சரியா இருக்கும். அன்னைக்கு எனக்குத் தலை நிதானத்துல இல்ல," என்றார்.

இரண்டு ஆண்டுத் தடை. அதோடு அவருடைய ஆட்டமும் முடிந்தது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

அதன்பின் முப்பத்தொரு ஆண்டுகள். பார்சல் கம்பெனி கிடங்கு ஒன்றில் இறக்குகூலியாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தார். லாரியிலிருந்து எறியும் பெட்டிகளை ஒன்றுகூடத் தவறவிடாமல் பிடிப்பார் என்று அவருடன் வேலை செய்த டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்னார். "கண்ணாடிச் சாமான்னு எழுதியிருந்தா அவர் இருந்தாத்தான் எறிவோம்," என்றார். இன்னொன்றும் சொன்னார். கிடங்கில் யாருக்காவது வாய்த்தகராறு வந்தால் பசை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிடுவாராம். ஒருமுறை ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் கட்டிய கையை அவர் அவிழ்க்கவில்லை. அங்கே அவருக்குப் பெயர் "கைகட்டி வாத்தியார்".

குழாய்க்காரரின் வீட்டுக்கு மூன்றாம் மாதமே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்கமேல கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் வருது," என்றாராம்.

செயலாளரிடம் பேசிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பழைய பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பசையின் வீட்டுக்குப் போனேன். நான் ஓய்வு பெற்றபோது பழைய பதிவேடுகளை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது மகள். கண்ணாடிக் கடை ஒன்றில் பார்வை பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. அவள் தோளுக்கு மேலாகப் பசையின் குரல் வந்தது.

"சார்! நீங்களா? மூணு மாடி ஏறியா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே! படி எத்தனை சார்?"

"ஐம்பத்தி நாலு," என்றேன். ஏறும்போது எண்ணியிருந்தேன்.

"பாத்தியாம்மா? இருபது வருஷமா ஏறி எறங்கறேன், எனக்குத் தெரியாது. சார் ஒரு தடவைதான் ஏறினாரு!"

சமையலறை மேசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். நான் அதைத் தொடாமல் பதிவேட்டைத் திறந்து, சீட்டையும் கடிகாரத்தையும் நான்கு நிமிடத்தையும் சொன்னேன். பசை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விசாரணையில் படித்த அதே இரண்டு வரிகளைப் படித்தார். கை தானாக இடது காதுக்குப் போனது. காதுமடலில் இன்னும் அந்த வெட்டு இருக்கிறது.

"அப்போ பேட்டரிதான் முதல்ல."

"ஆமாம்."

"மணியடிச்ச மாதிரி இருந்தது நிஜம்."

"நிஜம்தான்."

மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "உங்களுக்கு எப்போ தெரியும் அங்கிள்?"

"மறுநாள்."

"எதுக்கு மறுநாள்?"

"ஆட்டத்துக்கு மறுநாள்."

"நான் ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் டீம்ல எடுத்தாங்க. அப்பா விடல. ஏன் தெரியுமா? 'நம்ம ரத்தத்துல கை நீட்டுற குணம் இருக்கு, நீ மைதானம் பக்கமே போகாதே'ன்னாரு. அழுது அழுது ஷூவைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தேன். இதை உங்க நோட்டுல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

"விடும்மா," என்றார் பசை. பிறகு என்னிடம் சொன்னார்: "பேட்டரி முதல்ல வந்ததால குழாய்க்காரருக்குப் பல்லு முளைக்கப் போறதில்ல சார். எறிஞ்சது அவர் இல்லையே. நான் அடிச்சது தப்புதான், அது எந்தக் கடிகாரத்துலயும் தப்புதான். ஆனா..." கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுமே இல்லாம ஒருத்தனை அடிக்கிற ஜென்மம்னு என்னை நானே நினைச்சுட்டு இருந்துட்டேன் சார். இவ சின்ன வயசுல அடம்பிடிச்சா, பக்கத்துல போகப் பயந்து வெளியில போய் நின்னுப்பேன்."

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். அதைச் சொல்வதாக நான் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியதைச் சொன்னேன்.

பசை என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேல இருந்து ஒரு குரல் கேட்டுச்சு. அது நீங்களா?"

அவர் அதைக் கேட்டிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியில் கோடிட்டேன். 4.45ஐ 4.41 ஆக்கிக் கையெழுத்திட்டு, பேனாவை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் போட மாட்டேன் சார். நானும் போட்டா ரெண்டு பேருமாச் சேர்ந்து சரி பண்ணிட்ட மாதிரி ஆயிடும். நீங்க மட்டும் போட்டது போதும். ஆனா காரணம்னு ஒரு இடம் இருக்கே, காலியா விட்டிருக்கீங்க. நீங்க கத்தினதை அங்க எழுதுங்க. ஒரு வார்த்தை மாறாம."

எழுதினேன். மகள் என் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்தாள்.

"பதிவாளர் நிதானத்தில் இல்லை. இருக்கையிலிருந்து எழுந்து, 'போடுங்கடா அவனை, கோலும் விட்டுட்டுக் கையும் நீட்டுறானா, உயிரோட விடாதீங்கடா' என்று ரசிகர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்."

வாசித்துவிட்டு ஆறிப்போன என் தேநீரை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். வேறு போட்டுத் தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பசை மட்டும் என்னோடு கீழே வந்தார். என் முழங்கால் வலியைப் பார்த்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் அவர் உதடு அசைந்தது. தெருவாசலுக்கு வந்ததும் கையை விட்டார்.

"ஐம்பத்தி நாலு இல்ல சார். ஐம்பத்தஞ்சு."

நான் திரும்ப ஏறி எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குப் படிகள் ஐம்பத்தைந்து.