வெள்ளிக்கிழமை பத்தரை மணி

எனக்குக் கோபம் வந்தால் எந்த மொழியில் கத்துகிறேன் என்பது எனக்கே தெரியாது. பீலெஃபெல்ட் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில், ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால், எனக்கு உதவி செய்ய வந்த மனிதரைப் பார்த்து நான் கத்தியது சுத்தத் தமிழில்தான் என்று அந்த மனிதரே இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல வெட்கப்படுகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலத்தில், நான் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தேன். நான்கு கிழமை லீவு, ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. அதில் கல்யாணம் பதிவது, புடவை எடுப்பது, சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிடுவது எல்லாம் போக, கணவரோடு இருந்தது பதினொரு நாள். பிறகு அவர் அங்கே, நான் இங்கே. பதினொரு நாளில் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரியும்? தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுவார், நான் கோபப்பட்டால் சிரிப்பார், இவ்வளவுதான் தெரியும். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் இருந்தேன்.

நான் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். கரட் சீவுவதும் தட்டுக் கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதும் என் தொழில். அது முழுநேர வேலை இல்லை. கணவரைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, என் சம்பளம் இரண்டு பேருக்குக் காணாது என்று சொன்னார்கள். போதிய வருமானம் உள்ள இன்னொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தப் பத்திரத்துக்கு ஜெர்மன் மொழியில் இருக்கும் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. எங்கள் ஆட்கள் அதைப் பொறுப்புப் பத்திரம் என்று சுருக்கிவிட்டார்கள். வந்து சேருகிறவருக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போனாலும், நோய் வந்தாலும், கையெழுத்து வைத்தவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். யார் வைப்பார்கள்?

எங்கள் ஆட்களிடம் ஓர் உதவியை எடுத்த எடுப்பில் கேட்க முடியாது. கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளின் படிப்பைக் கேட்க வேண்டும். இரண்டாவது தேநீர் வரும்வரை வந்த விடயத்தை வாயில் எடுக்கக் கூடாது. நான் முதலில் போன வீட்டில் இரண்டு தேநீரும் வந்தன, இடியப்பமும் வந்தது. பொறுப்புப் பத்திரம் என்றவுடன், “யோசிச்சுச் சொல்லுறம் தங்கச்சி” என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று தெரியாமல் வளர்ந்தவள் இல்லை நான். அடுத்த வீட்டில், மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குக் குதிரை வண்டி பிடித்தவர், தன் சம்பளமும் காணாது என்று கையை விரித்தார். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குதிரைக்கே எல்லாம் போயிருக்கும்.

மூன்றாவதாகப் போனது ஓர் அக்கா வீட்டுக்கு. அந்த அக்கா முன்பு என்னோடு அதே சமையலறையில் வேலை செய்தவர். அவருடைய கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் பல வருடமாக முழுநேர வேலையில் இருந்தார். உறவு என்று பார்த்தால் ஒரு நூல்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர்கள் தீவுப் பகுதி, நான் வடமராட்சி. அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிறவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்றைக்கு எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. முதல் தேநீர் வருமுன்னே கேட்டுவிட்டேன். அக்கா திகைத்து நின்றார். அண்ணை மட்டும் நிதானமாக, “முதல் கலியாண வீடியோவைக் கொண்டாரும். மாப்பிள்ளையைப் பாக்காமல் கையெழுத்து வைக்கேலுமோ?” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் வீடியோ பார்த்தோம். அண்ணை ஓர் இடத்தையும் வேகமாக ஓட்டித் தாண்டவில்லை. மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்க, தோழன் செம்பில் தண்ணீர் எடுத்து அவருடைய காலைக் கழுவும் இடம் வந்ததும் படத்தை நிறுத்தினார். எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நிற்பான். அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டி வருவான். மாப்பிள்ளை அவன் விரலுக்கு மோதிரம் போட்டுவிடுவார்.

“ஆர் இந்தத் தோழன்? உமக்குச் சகோதரம் இல்லையெல்லோ?”

“கலியாணத்துக்குப் பிடிச்ச வாடகை வானை ஓடிக்கொண்டு வந்தவர் அண்ணை.”

“வான் ஓடினவரோ!”

“வேறை ஒருத்தரும் இல்லை. அவர் நல்ல மனிசன். மோதிரத்தையும் வாங்கிக்கொண்டு வாடகையும் வாங்கினவர்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த வான்காரரை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நான் வைக்கிறன் கையெழுத்து. டெர்மின் எடும்” என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று, வீடியோவில் என் தலையலங்காரம் சரியில்லை என்று ஏதோ உளறினேன்.

டெர்மின், அதாவது அலுவலகத்தில் எங்களுக்கென்று ஒதுக்கும் நேரம், கிடைத்தது மார்ச் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. அடுத்த கிழமை என் கணவருக்குக் கொழும்பில் தூதரகத்தில் நேர்முகம். அதற்குள் பத்திரம் அவர் கைக்குப் போக வேண்டும். நேரம் கிடைத்த சந்தோஷத்தில் நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை. அன்று காலை ட்ராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அண்ணை கேட்டார்.

“எத்தினை மணிக்கு டெர்மின்?”

“பத்தரைக்கு.”

“இண்டைக்கு வெள்ளியெல்லோ? வெள்ளி பத்தரையிலயிருந்து பன்ரண்டு மட்டும் ராகுகாலம். உமக்கென்ன விசரோ தங்கச்சி?”

வெள்ளி ராகுகாலம் பத்தரைக்கு என்பது என் வீட்டுச் சமையலறைக் கலண்டரில்கூடச் சிவப்பு எழுத்தில் இருந்தது. “நீங்கள் இதெல்லாம் பாக்கிற ஆள் இல்லையே அண்ணை” என்றேன்.

“எனக்குப் பாக்க மாட்டன். பாண் பக்டரியில ராகுகாலம் பாத்தால் மாவு புளிச்சுப் போம். ஆனா இது உம்மடை குடும்பம் தொடங்கிறதுக்கு வைக்கிற கையெழுத்து. பன்ரண்டு மணிக்கு முதல் பேனையைத் தொட மாட்டன். நீர் பேசாமல் இரும், நான் இழுக்கிறன்.”

இழுத்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, மூக்குக்கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மா. சம்பளப் பத்திரங்களைக் கேட்டார். அக்கா கட்டிக் கொடுத்த கோப்பு ஒரு செங்கல் தடிப்பு இருந்தது. அண்ணை அதிலிருந்து முதலில் மூத்த மகனின் நீச்சல் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு மகளின் தடுப்பூசி அட்டை. பின்னர் துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டு. அந்த அம்மா ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சம்பளப் பத்திரங்கள் வெளியே வர இருபது நிமிடம் ஆனது. பிறகு அண்ணை பத்திரத்தில் அச்சிட்டிருந்ததை வரிக்கு வரி தன் வாயாலேயே வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார். நோய் என்றால் பல்வலியும் அடக்கமா? கண்ணாடி உடைந்தால்? அவருக்கு இத்தனை ஜெர்மன் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவர் தயங்காமல் பதில் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று. வரப்போகிறவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அந்த அம்மா கேட்டார்.

“கைனெ” என்றார் அண்ணை. ஒன்றுமில்லை என்று பொருள். அந்த அம்மா அப்படியே எழுதினார். அண்ணை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், “தங்கச்சியின்ரை புருசன் எண்டு எழுதேலாதே, என்ன?” என்றார்.

“ஏலாது அண்ணை. பொய்யாப் போம்.”

“ஓம், ஓம். சட்டம் சட்டந்தான்” என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டணம் செலுத்தும் பிரிவை வெள்ளிக்கிழமையில் பதினொன்றரைக்குப் பூட்டிவிடுவார்கள், இப்போது கையெழுத்து வைத்தால்தான் இன்று முடியும், இல்லாவிட்டால் அடுத்த டெர்மின் ஐந்து கிழமைக்குப் பிறகு என்றார். அண்ணையின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். பதினொன்றேகால்.

“அண்ணை, வையுங்கோ.”

“இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்குத் தங்கச்சி.”

“ஐஞ்சு கிழமை அண்ணை! அவருக்கு அடுத்த கிழமை நேர்முகம்!”

“கெட்ட நேரத்தில வைச்சு நாளைக்கு ஏதும் நடந்தால் நானெல்லோ காரணம்?”

கத்தினேன். ராகுவை, கேதுவை, கலண்டர் அடித்த அச்சகத்தை, என் ஒன்றரை வருடத்தை, எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினேன். பதினொரு நாள் மட்டும் பார்த்த புருஷனுக்காக இப்படிக் கத்துகிறேனே என்று நினைக்க அழுகையும் வந்தது. கண்ணீரை மறைக்க முகத்தை மேலே தூக்கினேன். எதிர்ச் சுவரில் மணிக்கூடு. அதில் பத்தேகால்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மா என் பார்வையைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோடைநேரத்துக்கு மாறியதிலிருந்து அதை யாரும் மாற்றவில்லை என்றார்.

“அண்ணை” என்றேன். “போன ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்களெல்லோ? சூரியனை ஆரும் தள்ளினவையோ? ராகுகாலம் சூரியனைப் பாத்துத்தானே? சுவரிலை பாருங்கோ. இப்பதான் பத்தேகால். இனித்தான் ராகுகாலம் வரப்போகுது!”

அண்ணை சுவரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். உதடுகள் கணக்குப் போட்டன. முகம் வெளிறியது. “அட கடவுளே! அப்ப இவ்வளவு நேரமும் நல்ல நேரத்தையோ நான் இழுத்தடிச்சனான்?”

“பதினைஞ்சு நிமிசம் இருக்கு.”

பேனையைப் பறித்தார். “ஷ்நெல், பிட்டெ! ஷ்நெல்!” என்று அந்த அம்மாவை அவசரப்படுத்தினார். பல்வலிக்கு விளக்கம் கேட்ட மனிதர் இப்போது வாசிக்காமலே பக்கங்களைப் புரட்டி, கை காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். நான் படியில் பாய்ந்து இறங்கிப் போய்க் கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு மூச்சிரைக்க மேலே வந்தேன். முத்திரை விழுந்தபோது சுவரில் பத்து இருபத்தெட்டு. நானும் அண்ணையும் எழும்பி நின்று சிரித்தோம். ஏன் என்று தெரியாமலே அந்த அம்மாவும் சிரித்தார்.

ஜூன் மாதம் என் கணவர் வந்து இறங்கினார். கொதிக்கிற வெயிலில் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். ஜெர்மனி குளிர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. “இந்த வெயிலுக்கு இதென்ன கோலம்?” என்றேன். அவர் சிரித்தார். அதே சிரிப்பு. விமான நிலையத்தின் நடுவில் நின்று அழுதேன்.

அண்ணையும் அக்காவும் கார் தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நின்றார்கள். கார்க்கதவைத் திறக்கப் போன என் கணவரை அண்ணை தடுத்தார்.

“பொறும். சப்பாத்தைக் கழட்டும்.”

என் கணவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். அக்கா காரிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து நீட்டினார். அண்ணை அதற்குள் போத்தல் தண்ணீரை ஊற்ற, அது சீறிக்கொண்டு நுரைத்தது. காஸ் தண்ணீர். “இதைத்தானோ கொண்டு வந்தனீங்கள்?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணை தார் ரோட்டில் குந்தியிருந்து, நுரைக்கிற தண்ணீரால் என் கணவரின் இரண்டு காலையும் கழுவி, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். என் கணவருக்கு அப்போதுதான் விளங்கியது. பதறிப்போய்த் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார்.

“மோதிரம் ஒண்டும் வேண்டாம்” என்றார் அண்ணை, குந்தியிருந்தபடியே நிமிர்ந்து பார்த்து. “ஒருக்கால் மச்சான் எண்டு கூப்பிடும். காணும்.”

“மச்சான்” என்றார் என் கணவர்.