இருபத்துமூன்றாவது ஆட்டக்காரன்

போன கிழமை விசுவமடுவில் எங்கள் கழகம் உதைபந்தாட்ட ரீமுக்கு ஆள் எடுக்க ஒரு தெரிவுப் போட்டி வைத்தது. மைதானத்தில் இறங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். கணக்குப் பார்த்தபோது இருபத்துமூன்று பேர் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆள் குறைந்துதான் பழக்கம். கூடினால் யார் சந்தேகப்படுவார்கள்?

வினை என்னில்தான் தொடங்கியது. வெளிநாட்டுக் கழகங்கள் ஆட்டக்காரரைக் கண்ணால் மட்டும் பார்த்து எடுப்பதில்லையாம். யார் எத்தனை பந்து பறித்தான், எத்தனையைச் சரியான ஆளிடம் கொடுத்தான் என்று எண்ணி, கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்து எடுக்கிறார்களாம். ஏதோ சஞ்சிகையில் வாசித்தேன். வாசிக்கிறவனுக்கு இதுதான் தொல்லை... சும்மா இருக்க முடியாது. கழகத் தலைவர் என்ற முறையில் — நான் கடைசியாகப் பந்து உதைத்த காலத்தில் குனிந்தால் என் கால் எனக்குத் தெரிந்தது — உடனே நடைமுறைப்படுத்தினேன்.

செயலாளர் சுகந்தி ரீச்சர் கணிதம் படிப்பிக்கிறவர். முதல் பாதியை அவர் எண்ணுவது, இரண்டாம் பாதியை நான் எண்ணுவது என்று ஏற்பாடு. எல்லோர் முதுகிலும் இலக்கம் எழுதிய மட்டை குத்தியிருந்தோம். ரீச்சர் இலக்கத்தைப் பார்த்து, அடையாள அட்டைப் பெயருக்கு நேரே கோடு போட்டார்.

இடைவேளைக்குள் மட்டைகள் வியர்வையில் ஊறிக் கிழிந்துவிட்டன. அதனாலென்ன? எனக்குக் காது இருக்கிறதே. கூப்பிடுகிற பெயரைக் கேட்டு எழுதினேன். எங்கள் பெடியளின் வீட்டுப் பெயர்கள் எல்லாம் எனக்குப் பாடம். அப்பன் யார், சின்னக்கிளி யார் — தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெரியாத பெயர் ஒன்றே ஒன்று. கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு பெண், 'விடாத கட்டி, பறி கட்டி' என்று கத்திக்கொண்டேயிருந்தார். கட்டியும் பறித்துக்கொண்டேயிருந்தான். அடியில் புதுவரி போட்டுக் 'கட்டி' என்று எழுதினேன்.

கொம்பியூட்டர் தீர்ப்புச் சொன்னது. பதினாறு பேரை எடுத்துத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் பட்டியலை ஒட்டினோம். கட்டி இல்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஜெயசீலன் என்பவனும் இல்லை. இரண்டு பேருக்கும் புள்ளி போதாது.

லீக்கிடம் படிவம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம், ரீச்சர் தாளோடு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, இந்த ஜெயசீலன் இடைவேளைக்குப் பிறகு ஒரு பந்தும் தொடேல்லை."

களைத்திருப்பான் என்றேன்.

"அப்ப இந்தக் கட்டி? இடைவேளைக்கு முந்தி ஆள் எங்க நிண்டவர்?"

பிந்தி வந்திருப்பான் என்றேன். ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையை அவருடைய வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகள் அறிவார்கள்.

"ஜெயசீலன் பறிச்சது எட்டு. கட்டி பறிச்சது ஒன்பது. கூட்டிப் பாருங்கோ."

பதினேழு. பட்டியலில் முதலாவதாக நின்றவன் பறித்தது பதின்மூன்று.

படிவத்தையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடினேன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு கரைச் சனத்துக்கு உள்ளே தள்ளிப் போட்டுக்கொடுத்த தற்காலிகக் கொட்டில்கள். ஜெயசீலன் என்று கேட்டேன். அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். கட்டி என்று கேட்டேன். நாலு கை ஒரே கொட்டிலைக் காட்டியது.

வாசலுக்கு வந்தது அந்தக் கோட்டோரப் பெண். அவனுடைய அக்கா. தம்பி உள்ளே படுத்திருக்கிறான் என்றார். அவர்களுடைய ஊர் ரீமில் மிஞ்சியது நாலு பேராம். நாலு பேரை வைத்து என்ன விளையாடுவது?

"கடலுக்குப் பிறகு அவன் பந்தைத் தொடேல்லை, ஐயா. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான். அண்டைக்கு விளையாடிப்போட்டு வந்துதான், இன்னும் கொஞ்சம் சோறு போடணை எண்டு வாய் திறந்து கேட்டவன். பேர் வரேல்லை எண்டு அறிஞ்ச பிறகு, பழையபடி கதை பேச்சில்லை."

மட்டை கிழிந்தது, நான் காதை நம்பியது, கொம்பியூட்டர், ரீச்சர் — எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கேட்டுவிட்டு அக்கா சிரித்தார்.

"நல்ல காலம், இவன்ர ஞானஸ்நானப் பேர் உங்களுக்குத் தெரியேல்லை. மூண்டாக்கியிருப்பீங்கள்."

உள்ளே படுத்திருந்தவன் எழும்பி வந்து, படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்று மட்டும் கேட்டான்.

கணக்கை நான் இன்னும் நம்புகிறேன். கண்ணை நம்பியிருந்தால், மெலிந்த உடம்பும் வெறுங்காலுமாக வந்த அவனை முதல் ஐந்து நிமிடத்திலேயே கழித்திருப்பேன். ஆனால் கணக்கை இரண்டாம் தரம் பார்த்த ரீச்சருக்குத்தான் நான் காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை படிவத்தில் அவனுடைய மூன்று பெயரையும் ஒரே வரியில் நுணுக்கி எழுதிக் கொடுத்தேன். லீக் பெடியன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தான்.

"அண்ணை, இது எத்தினை பேர்?"

"ஒருத்தன்தான், தம்பி. முழுசாக் கிடைச்சிட்டான்."