விருந்தாளி கழுவாத தட்டு

எங்கள் வீட்டில் தங்கிய வியட்நாம் பெண்ணை வேலை செய்ய விடவில்லை என்று குற்றம் சொல்லி, என் மகள் அங்கே போக இருந்ததைத் தடுத்துவிட்டார்கள். இதைக் கோயிலில் சொன்னேன், கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமும் சொன்னேன். மனம் ஆறவில்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நியாயத்தில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூரில் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் வேலை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காப்பிச் செடி, மரங்களில் மிளகுக் கொடி. பிள்ளை ஒருத்திதான். சேலத்தில் பட்டம் முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு அமைப்பின் பொறுப்பாளர் மைக்கைப் பிடித்தார். கிழக்கே இருக்கிற நாடுகளின் இளம் பிள்ளைகள் இங்கே வந்து நம் வீடுகளில் தங்கித் தொண்டு செய்வார்கள், நம் பிள்ளைகளும் அங்கே போய் அதேபோலச் செய்வார்கள் என்றார். "தங்க வெக்கிற வீட்ல படிச்ச பிள்ளை இருந்தா, இங்கிருந்து அங்க போறதுல அவங்களுக்குத்தான் முதல் இடம்" என்றும் சொன்னார். கோயில் முழுக்கக் கேட்டது.

நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். மகள் இடுப்பில் கிள்ளினாள்.

"அம்மா, நம்மூட்டுப் பாத்ரூம் கதவே சாத்தாது."

"அதை உங்கப்பா பாத்துக்குவாரு. நீ பாஸ்போர்ட்டு வாங்கற வழியப் பாரு."

அன்று சாயங்காலமே அவர் கதவுக்குப் புதுக் கீல் போட்டார்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அந்த வியட்நாம் பெண் வந்தாள். அவள் ஊரும் காப்பி விளைகிற மலைதானாம். எங்களைப்போலவே கத்தோலிக்கக் குடும்பம். முதல் நாள் சாப்பிட்டு எழுந்தவள் தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனாள். எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வீட்டுக்கு வந்த பிள்ளை எச்சில் தட்டைக் கழுவுவதா? எங்கள் பக்கத்தில் யாரும் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் வேலியோரம் வந்துவிட்டாள்.

"ஏனுங்க, கடல் தாண்டி வந்த புள்ளையப் பாத்திரந் தேய்க்கவா கூட்டியாந்தீங்க?"

அதற்குப் பிறகு விடுவேனா? துடைப்பத்தை எடுத்தால் வாங்கி வைத்தேன். செடியருகே கூடையோடு போனால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, உட்காரவைத்து, வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தேன். அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை 'வேலை.' "அம்மா, வேலை!" என்று வந்து நிற்பாள். "சும்மா இரு கண்ணு" என்பேன். அதுவும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே "சும்மா இரு கண்ணு" என்று என்னைப்போலவே சொல்லிக்காட்டுவாள்.

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு. ஜெயில்ல வெச்சாப்பல இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

மகள்தான் ஒரு வழி கண்டாள். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் ஒவ்வொரு வீட்டிலும் சோறு பொங்கும்போது முதல் கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைப்போம். சனிக்கிழமை அதை வீடு வீடாக வாங்கிச் சேர்த்து, முடியாமல் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மகளின் வழக்கம். கூடவே அவளையும் அழைத்துப் போனாள். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பக்கவாதம் வந்து தனியாகப் படுத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு பேரும் கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், நகம் வெட்டினார்கள், துணி அலசினார்கள். அங்கே தட்டைப் பிடுங்க நான் இல்லையே! சேற்றுக் காலோடு அவள் சிரித்துக்கொண்டு திரும்புவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம். ராத்திரி ஜெபமாலைக்கு நாங்கள் தமிழில் சொல்ல, அவள் அவள் பாஷையில் சொன்னாள். மாதாவுக்கு இரண்டும் புரிந்திருக்கும்.

அமைப்பு அவளுக்குக் கொடுத்த வேலை பள்ளிக்கூடச் சுவரில் பட்டாம்பூச்சி வரைவது. வரைந்தாள். போட்டோ எடுத்தார்கள்.

அவள் கிளம்பும் முன் கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் மகளுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு அவள் பாஷையில் வணக்கமும் நன்றியும் சொல்லப் பழகியிருந்தாள். பொறுப்பாளர் எழுந்து, இங்கிருந்து அங்கே போகிறவர் சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவர் என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்துவிட்டேன்.

"எம் புள்ளைக்குன்னு சொன்னீங்களேங்க?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வீட்ல அந்தப் பொண்ண விருந்தாளி மாதிரி உக்கார வெச்சே கெடுத்துட்டீங்க. தொண்டுன்னா என்னன்னே உங்களுக்குப் புரியல. அப்படி ஒரு வீட்டுப் பொண்ண அனுப்பினா, அங்க போயி யார் எனக்குத் தட்டுக் கழுவுவான்னு பாத்துட்டிருக்கும்."

"சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு புள்ளைகளும் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க?"

"அது உங்க கோயில் பழக்கம். எங்க திட்டத்துல வராது. மலை ஜனங்களுக்குத் தொண்டு செய்யத்தானே நாங்களே வர்றோம்?"

அந்தப் பெண் விஷயம் தெரிந்து எழுந்து இங்கிலீஷில் ஏதோ படபடவென்று சொன்னாள். மகளைக் கை காட்டிக் காட்டிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், சால்வை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக எங்கள் ஃபாதர் பங்கு மக்களின் காலைக் கழுவுவார். ஒரு வருஷம் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். ஃபாதர் குனிந்ததும் கூச்சத்தில் "வேண்டாஞ் சாமி" என்று காலை இழுத்துக்கொண்டார். ஃபாதர் சிரித்துக்கொண்டே காலைப் பிடித்து இழுத்துக் கழுவிவிட்டார். மரியாதையில் செய்த தப்புக்கு யாரையாவது வெளியே துரத்துவார்களா? 'அம்மா, இந்தப் பிள்ளை வேலை செய்யத்தான் வந்திருக்கிறாள், விடுங்கள்' என்று பொறுப்பாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே துடைப்பத்தைக் கொடுத்திருப்பேனே! அவரும்தான் ஒருநாள் அந்தப் பெண்ணைப் பார்க்க வந்து எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார். அவர் தட்டையும் நான்தான் கழுவினேன். அப்போது வாய் திறக்கவில்லையே! கஞ்சி ஊட்டிய கை இரண்டு. வெளிநாட்டுக் கை தொண்டு செய்ததாம், மலை ஜனத்தின் கை வாங்கிக்கொண்டதாம். இது எந்த ஊர் நியாயம்?

சுவரில் வரைந்த பட்டாம்பூச்சி முதல் மழைக்கே உரியத் தொடங்கிவிட்டது. மகள் பாஸ்போர்ட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சனிக்கிழமை அரிசிப் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

போன மாதம் பொறுப்பாளர் மறுபடி வந்தார். இந்த முறை இரண்டு பெண்கள் வருகிறார்களாம், இந்தப் பக்கத்தில் வேறு வீடு அமையவில்லையாம். வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு வராது. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன்.

"என்னம்மா, சரிதானே? உங்க கைப்பக்குவம் அந்தப் பசங்களுக்கு நொம்பப் பிடிக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிச் சிரித்தார்.

"வரட்டுங்க. வந்து தட்டுக் கழுவட்டும், கூட்டட்டும், பழம் பறிக்கட்டும். ஆனா எம் புள்ள அங்க போயி அதே வேலையச் செய்யோணும். ரெண்டும் சேந்து நடக்கறதா இருந்தா, நீங்க அன்னிக்குச் சொன்ன அதே கோயில்ல, அதே மைக்குல சொல்லுங்க. அதுக்கப்புறம் எங்கூட்டுக் கதவத் தொறக்கறேன்."

"மேல பேசிட்டுச் சொல்றேம்மா" என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏனுங்க, குழாய் அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். சமையலறைக்குள் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும், யாராவது மைக்கைப் பிடிக்கிறார்களா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.