ஏழாவது பாட்டுக்குச் சொன்ன குறை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்களில் அந்த நாட்களில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். பாட்டு பிடித்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சிதம்பரத்தில் ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போகும் காலை பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் மட்டும் செத்துப்போயிருந்தது. திருப்பாப்புலியூரில் ஏறியதும் நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

அதே காரணத்துக்காக இன்னும் இரண்டு பேர் அங்கே வந்தார்கள். முதுநகரில் ஏறுகிற ஒரு பெண். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. கூடவே அவளுடைய தாய்மாமா. அவருக்கும் சிதம்பரத்தில்தான் ஏதோ ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கிடார் வாசிப்பார். பழகிய பிறகு எனக்கும் அவர் மாமாதான்.

கேசட் கடைகள் எல்லாம் சிடி கடைகளாக மாறிக்கொண்டிருந்த 2006ஆம் வருஷம் அது. திங்கட்கிழமை ஆனால் மாமா ஆரம்பிப்பார். "போன வாரம் என்ன கேட்டீங்க, சொல்லுங்க." போன வாரம் எந்த ஆல்பம் கேட்டோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பாதியில் விட்டது கணக்கில் சேராது. இன்னொரு சட்டமும் உண்டு, அதுவும் மாமா போட்டதுதான். பாராட்டக் கூடாது, குறை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

"சூப்பருன்னு கண்டக்டர் கூட சொல்லுவான். குறை சொல்லுடா, அப்பதான் நீ கேட்டேன்னு நம்புவேன்" என்பார்.

அவள் சொல்லும் குறைகள் விசித்திரமாக இருக்கும். "சரணத்துக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்குறது கேக்குது மாமா" என்பாள் ஒரு நாள். நானும் அந்தப் பாட்டை நூறு முறை கேட்டிருப்பேன், எனக்கு அந்த மூச்சு கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் இருக்கிறது. அப்படித்தான் அவளைப் பிடித்துப்போனது. அவள் சொல்லிக் கேட்ட எந்தப் பாட்டையும் அதன் பிறகு அவளை நினைக்காமல் என்னால் கேட்க முடியவில்லை.

வாயால் சொல்லத் தைரியம் இல்லை. மாமா எப்போதும் நடுவில் இருந்தார். அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவுச்சி கூட ஆகாது. அதனால் பாட்டு பைத்தியம் என்ன செய்யுமோ அதைச் செய்தேன். என் கேசட்டுகளிலிருந்து பத்துப் பாட்டு பொறுக்கி, மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் சிடியாகப் போட்டு அவளிடம் கொடுத்தேன். ஒன்பது பாட்டு சும்மா துணைக்கு. ஏழாவதுதான் விஷயம். வெளிவராமலே போன ஒரு படத்தின் பாட்டு அது. என்னோடு வாழ வருகிறாயா என்று ஒருவன் ஒருத்தியைச் சுற்றி வளைக்காமல் கேட்பான்.

அடுத்த திங்கட்கிழமை ஆலப்பாக்கம் தாண்டியதும் மாமா அவளிடம் கேட்டார். "தம்பி குடுத்த சிடி என்ன ஆச்சு?"

"கேட்டேன் மாமா. ஏழாவது பாட்டு மட்டும் மத்ததோட சேரல" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. பாட்டு விஷயத்தில் யாராவது தப்பாகச் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. "எப்பிடிங்க சேராது? ஆறாவது எந்த சுருதியில முடியுதோ அதுலதான் இது ஆரம்பிக்குது. அந்த வயலின கவனிச்சீங்களா?" என்று தொடங்கி, வெள்ளாற்றுப் பாலம் வரை விடவில்லை. மாமா சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள், "சரிங்க, சேருதுன்னே வச்சிக்குங்க" என்றாள்.

ஜெயித்த மிதப்பில் ஆபீஸ் போனேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் உறைத்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று. டப்பாவை மூடி வைத்தேன். மறுநாளும் அதே சீட்டில் போய் உட்கார்ந்தேன், ஒன்றும் நடக்காத மாதிரி. ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்படியே போனது.

பிறகு சில வாரங்கள் இரண்டு பேரும் வரவில்லை. மாமாவுக்குத்தான் உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்தேன். ஒரு நாள் அவள் மட்டும் ஏறினாள். வேலையை விடுவதாக லேபில் எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளை திருச்சி.

புதுச்சத்திரம் வரை பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள்தான் பேசினாள். அன்றுதான் முதல்முறையாக என்னை நீ என்றாள்.

"ஏழாவது பாட்டு சேரலன்னு சொன்னேன். ஏன் சேரலன்னு நீ கேக்கவே இல்லியே."

"புடிக்கலன்னுதானே சொன்னீங்க."

"மத்த ஒம்போதும் ஊருக்குப் பாடுற பாட்டு. அது ஒண்ணுதான் என்கிட்ட கேட்டுது. அதான் சேரல. மாமாவ பக்கத்துல வச்சிக்கிட்டு வேற எப்பிடிச் சொல்லுவேன்? எறங்குனப்புறம் நீ தனியா வந்து கேப்பேன்னு பாத்தேன். லேபுக்கு மெதுவாத்தான் நடந்து போனேன். ரொம்ப நாளு மெதுவாத்தான் போனேன். நீ வயலினப் பத்தியே பேசிக்கிட்டிருந்த."

இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"கோயில்ல ஓலை வாசிச்சாச்சு" என்றாள்.

ஓலை என்றால் என்னவென்று அவள்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாதா கோயில் சாமியார் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று கேட்பாராம். முதுநகர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அந்த மூன்று ஞாயிறும் நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, திங்கட்கிழமை அவளிடம் சொல்வதற்காகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.