சிவப்பு ரிப்பன் கட்டிய அடுப்புக்கரி

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் ஓர் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது. எப்போது போனாலும் நாலைந்து வண்டிகள் நிற்கும். முதல் வண்டிக்காரரிடம் தி.நகருக்கு எவ்வளவு என்று கேட்பேன். அவர் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார். எனக்குச் சுர்ரென்று ஏறும். அடுத்த வண்டிக்குப் போவேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவராண்ட பேசிக்கினு இருந்தீங்கல்ல சார், அவராண்டயே முடிச்சுக்கோங்க" என்பார். மூன்றாமவர் வானத்தைப் பார்ப்பார். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் இப்படி நடக்குமா? பழைய டாக்சி ஸ்டாண்டில் ஒருவர் பத்து வெள்ளி என்றால், பின்னாலிருந்து இன்னொருவர் எட்டு வெள்ளி என்று கத்துவார். அரை மணி கழித்து இரண்டு பேரும் ஒரே மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சென்னைக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. பழகியிருந்தால் அந்த ஏலத்தை நான் நடத்தியிருக்கவே மாட்டேன்.

மலேசியாவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் மணியம். ஈப்போவில் மரக்கடை லோரி ஓட்டியவரின் மகன். சென்னைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் ஆசிரியர் வேலையை விட முடியாது என்றதால், நான் என் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவன். பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போவது போல நான் புகுந்த ஊருக்கு வந்தேன் என்று என் தம்பி இன்றைக்கும் கிண்டலடிப்பான். அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள், "உனக்கென்ன, தாத்தா ஊருக்கே திரும்பிட்ட" என்கிறார்கள். இங்கே பக்கத்து வீட்டில் என்னை 'மலேசியா சார்' என்கிறார்கள். தீபாவளி நெருங்கினால், "ஊருக்கு எப்ப சார் போறீங்க?" என்று அன்பாக விசாரிக்கிறார்கள்.

என் மனைவி சாந்தி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறாள். அவளிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளில் சிலர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில்தான் ஒத்திகை. டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. டீ ஆறிப்போகிறது, கீழே வாருங்கள் என்று கத்துவதும் என் வேலைதான். அந்தக் குழுவில் ரேவதி என்றொரு பெண். நொச்சிக்குப்பத்தில் வீடு. அம்மா சரோஜா சாலையோரம் மீன் விற்கிறவர். மாடியில் எல்லோரும் நடிப்பார்கள். ரேவதி நின்றாலே போதும், நான் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிடுவேன். பெங்களூரில் ஒரு நாடகப் பள்ளியில் ஒரு வருடப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. மாத முடிவுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். எங்களால் முடிந்ததைப் போட்டோம். பிள்ளைகளும் போட்டார்கள். பாதி கூடத் தேறவில்லை. அப்போதுதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஏலம் போடலாம் என்றேன்.

எனக்கு ஏலம் என்றால் கொண்டாட்டம். ஈப்போவில் சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில் தெருவை அடைத்து, வட்ட மேசைகள் போட்டு விருந்து நடக்கும். நடுவில் ஏலம். காகிதத்தில் செய்த அன்னாசிப்பழம், அரிசிப் பானை, இவற்றோடு சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெரிய அடுப்புக்கரித் துண்டு. அதற்குக் கறுப்புத் தங்கம் என்று பெயர். எடுத்தவர் வீட்டில் அந்த வருடம் காசு கொட்டும் என்பார்கள். அந்தக் கரிக்குத்தான் அடிபிடி. ஒரு வருடம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்காக அப்படியொரு விருந்து நடந்தது. அப்பாவின் தௌக்கே, அதாவது மரக்கடை முதலாளி, ஒரு தொகை சொன்னார். உடனே அப்பா, அவரிடம் சம்பளம் வாங்குகிற மனிதர், எழுந்து நின்று அதற்கு மேல் கேட்டார். நான் பயந்துபோனேன். தௌக்கே மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டு இன்னும் மேலே போனார். இரண்டு பேரும் முகம் சிவக்கச் சிவக்கக் கேட்டார்கள். கடைசியில் கரி தௌக்கேயிடம் போனது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல லோரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

இந்தக் கதையைச் சாந்தியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவள் தயங்கினாள். "ஏலம்னு நோட்டீஸ்ல போடாதீங்க. இங்க ஏலம்னா பேங்க்ல வச்ச நகை முழுகிப்போறதுதான். கேக்கவே நல்லா இருக்காது" என்றாள். சரி என்று 'கலை மாலை' என்று போட்டோம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கடை மாடியிலுள்ள ஹாலைச் சும்மாவே கொடுத்தார். கேசரி, போண்டா, காபி எல்லாம் அவர் செலவு. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். "ஹால் சும்மாதான கிடக்கு, பிள்ளைகள் ஆடட்டும்லா" என்று அவர் தாராளமாக இழுத்தபோது எனக்கு ஈப்போத் தௌக்கேயே வந்து பேசியது போலிருந்தது. ஏலத்துக்குப் பொருள்கள் சேர்ந்தன. பிள்ளைகள் செய்த முகமூடிகள், யாரோ கொடுத்த பழைய ரேடியோ, ஒரு தஞ்சாவூர்த் தட்டு. கடைசிப் பொருளாக நான் ஒரு கரித்துண்டு வைத்தேன். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி, நானே சிவப்பு ரிப்பன் கட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஹால் நிறைந்தது. மயிலாப்பூர்க் குடும்பங்கள், கடைக்காரர்கள், பிள்ளைகளின் பெற்றோர். முன்வரிசையில் டாக்டர் மாமா. மயிலாப்பூரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் பார்த்தவர் அவர். முதலில் ரேவதி நடித்தாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே கிடக்கிறவரின் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் ஒரு பெண். வசனமே கிடையாது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட அவள் பாதி எழுந்து, அது தன் ஆளில்லை என்று தெரிந்து, மறுபடி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் காட்சி. டாக்டர் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் சரோஜாம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி இருந்தார். இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

சுத்தியலை எடுத்தேன். முதல் முகமூடிக்கு ஒரு அம்மாள் ஆயிரம் ரூபாய் என்றார். "ஆயிரம் கேட்டிருக்காங்க, மேல யாரு?" என்றேன். ஒருவரும் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டால் பிள்ளைகள் குனிந்துகொள்வது போல எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பக்கத்திலிருந்தவர், "அவங்க ஆசைப்பட்டுக் கேட்டுட்டாங்க சார், அவங்களுக்கே குடுத்துடுங்க" என்றார். சபை மொத்தமும் நிறைந்த மனத்தோடு கைதட்டியது. அடுத்த முகமூடியும் அப்படியே போனது. ரேடியோவை டாக்டர் மாமா ஆரம்ப விலைக்கே கேட்டார். அவருக்கு மேல் யார் கேட்பது? தஞ்சாவூர்த் தட்டை வாங்க வசதியுள்ளவர்கள் அந்த ஹாலில் இருபது பேராவது இருந்தார்கள். நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். இன்னொருவர் ஆசைப்பட்ட பொருளில் கை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு மாடியேறி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

ஓரமாக நின்ற அண்ணாச்சியிடம் போய்க் காதில் சொன்னேன், "நீங்களாவது கேளுங்க அண்ணாச்சி." அவர் நெளிந்தார். "டாக்டர் நம்ம கடைக்கு மூணு தலைமுறையா வாராரு சார். நம்ம எடத்துக்கு வந்தவங்களோடயே போட்டி போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அதில் துளி கஞ்சத்தனம் இல்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டவர் அவர்.

கடைசியில் கரி வந்தது. எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். இதை எடுக்கிறவர் வீட்டுக்கு நல்ல காலம் வரும் என்றேன். கரியைப் பார்த்ததும் சிலர் முகம் சுளித்தார்கள். இங்கே கரி என்றால் முகத்தில் பூசுவது, நல்ல காரியத்துக்கு ஆகாது. ஒருவரும் கை தூக்கவில்லை. நான் மேடையில் கரியும் கையுமாக நிற்பதைப் பார்த்து டாக்டர் மாமாவுக்குப் பாவமாகிவிட்டது போல. "ஐயாயிரம்னு போட்டுக்கோங்கோ" என்றார். அதோடு அதுவும் முடிந்துவிட்டது என்று நான் சுத்தியலைத் தூக்கியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏழாயிரம்."

சரோஜாம்மா. எழுந்து நின்றிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நொச்சிக்குப்பத்துக் கரையில் மீன் கூடைக்கு ஏலம் கேட்கிற குரல் அது. ஒருவர் ஏற்றினால் அடுத்தவர் ஏற்றியே ஆக வேண்டிய கரை. மகளுக்காக விலையை ஏற்றிவிடுகிறார். என் அப்பாவே எழுந்து நின்றது போலிருந்தது. டாக்டரைப் பார்த்தேன். கேளுங்கள் சாமி, இன்னும் ஆயிரம் கேளுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். டாக்டர் மாமா பின்னால் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் கூப்பினார். "கொழந்தையோட அம்மா கேக்கறா. நான் குறுக்க வரலாமா? அவாளுக்கே குடுத்துடுங்கோ" என்றார்.

அன்றைய கைதட்டலிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். மேடையோரம் நின்ற ரேவதி மட்டும் தட்டவில்லை. தூக்கிய சுத்தியலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கீழே வைத்தேன். அதையும் அவர்கள் ஏலம் முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் சரோஜாம்மாவிடம் ஓடினேன். அவருக்கே இன்னும் திகைப்புத் தீரவில்லை. "அவுரு மேல கேப்பாருன்னு பாத்தேன் சார். இன்னா சார் இது, பெரிய மனுசங்க இப்டி பொசுக்குனு வுட்டுட்டாங்க" என்றார். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், கரியை மறந்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலத்துல எடுத்தத வோணாம்னு சொன்னா எங்க கரைல மறுநா நிக்க முடியாது சார். துட்டு நாளிக்கி வந்துடும்." சொன்னபடியே மறுநாள் காலையில் வந்துவிட்டது. மகள் படிப்புக்காக ஏலம் போட்டு, மகளின் அம்மாவிடமே பணத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கச் சாந்தி போனாள். சரோஜாம்மா வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்.

அன்று ஹாலிலேயே இன்னொன்றும் நடந்தது. சாப்பாட்டு மேசையருகே அண்ணாச்சி சரோஜாம்மாவிடம் வந்தார். "பிள்ள நல்லா செய்யுதும்மா. படிப்புக்குப் பணம் பத்தலேன்னு வெசனப்படாதிய. நாளைக்கே நம்ம கடைக்கு அனுப்பி வைங்க. சேலை செக்‌ஷன்ல போட்டுத் தாரேன், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சரோஜாம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ரேவதி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். என்ன சொல்வது? வேலை கொடுப்பவரைத் திட்டுவதா? கும்பிடுகிற தாயைத் தடுப்பதா? அந்த ஹாலில் ஒரு கெட்டவர் இருந்திருந்தால்கூட எனக்கு உதவியாக இருந்திருக்கும். நான் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாத முடிவு வந்தது, போனது. நாடகப் பள்ளிக்காரர்கள், அடுத்த வருடம் மறுபடி தேர்வுக்கு வரச் சொல்லுங்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். சேர்ந்த பணம் அப்படியே பேங்கில் கிடக்கிறது. ரேவதி தி.நகர் கடையில் மெரூன் நிறச் சீருடைச் சேலையில் நிற்கிறாள். ஒரு முறை நானும் சாந்தியும் போனோம். ஒரு பட்டுச் சேலையைத் தன் தோளில் போட்டு, மணப்பெண்ணின் அக்காவாக ஒரு நடை நடந்து காட்டினாள். வாங்க வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். "இங்கயும் தெனம் ஷோதான் மிஸ்" என்று சாந்தியிடம் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் அவளுக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. மாடி ஒத்திகைக்கு வருவதில்லை. அவள் செய்த வேடத்தை இன்னொரு பெண் செய்கிறாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. டீயை வைத்துவிட்டுக் கீழே வந்துவிடுகிறேன்.

போன வாரம் மீன் வாங்க நொச்சிக்குப்பம் போனேன். சில்லறை எடுக்கச் சரோஜாம்மா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒற்றை அறை. டிவிக்கு மேலே சாமிப் படங்கள். அவற்றின் நடுவே ஒரு வெற்றிலையின் மேல் என் கரித்துண்டு. ரிப்பன் கட்டியது கட்டியபடி இருந்தது. கரிக்குக் குங்குமம் வைத்து, ஒரு துண்டு மல்லிகையும் சாத்தியிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கெயம தவறாம பூ வெக்கிறேன் சார். இன்னும் ஒண்ணியும் வர்ல. உங்க ஊர்ல இதுக்கு எத்தினி நாளு ஆவும்?"

"ஒரு வருஷம் ஆகும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி. அடுத்த வருசம் அந்த ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள வந்துடும்" என்றார். அதை என்னிடமிருந்து வாங்கிப் பழைய இடத்தில் பத்திரமாக வைத்தார்.

வெளியே வந்து உள்ளங்கையைப் பார்த்தேன். கரியும் குங்குமமும் ஒன்றாக ஒட்டியிருந்தன. கழுவ வேண்டும் என்று கடலை நோக்கி நடந்தேன். அந்தத் தண்ணீரின் மறுகரையில்தான் ஈப்போ. இந்தக் கரையில், என் முதுகுக்குப் பின்னால், ஒருவர் சரோஜாம்மாவிடம் நான் யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம மலேசியா சாரு" என்றார் சரோஜாம்மா. நான் திரும்பவில்லை. ஈர மணலில் குனிந்து கையைத் தேய்த்தேன். குங்குமம் மட்டும் உடனே போய்விட்டது.