அடுப்பு தொடாத டார்ட்

1988 மே பதினான்காம் தேதி, சனிக்கிழமை. எனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. காலையில் குழாயில் நல்ல தண்ணீர் வந்ததும் அம்மாவும் நானும் குடங்களை நிரப்பினோம். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டு உப்பளத்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனார். நான் முற்றத்தைப் பெருக்கினேன். எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான் தொடங்கும். அன்று மட்டும் பின்கட்டில் மாமா, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த தயிரை இறக்கிக்கொண்டிருந்தார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. கப்பலில் சமையல்காரர். அவருடைய மனைவியான அத்தையும் அவர்களின் கைக்குழந்தையும் எங்கள் வீட்டின் பின்பகுதியில் இருந்தார்கள். மாமா கடலில் இருந்தபோது பிறந்த குழந்தை அது. அவர் வந்து முதன்முதலாகத் தூக்கியபோது வீறிட்டு அழுதது. மீசையைக் கண்டு பயப்படுகிறது என்றார்கள். மீசையை எடுத்தார். அப்போதும் அழுதது.

"இன்னும் ஒரு தடவ போயிட்டு வாங்க. வந்து நிக்கும்போது உங்கள மாமான்னு கூப்பிடும்" என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகுதான் மாமா கரையிலேயே ஒரு பிழைப்புத் தேட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை அவர் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் வழி கிடைத்தால் இருப்பார், இல்லையென்றால் போவார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் அவர் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள், என்னைத் தவிர. போன முறை அவர் கொண்டுவந்த வண்ணப் பென்சில்கள் குட்டையாகிவிட்டிருந்தன. அவர் கடலுக்குப் போகாவிட்டால் புதுப் பென்சில் எப்படி வரும் என்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

தெருமுனை பேக்கரி அண்ணாச்சியிடம் மாமா வேலை கேட்டிருந்தார். "மக்ரூனுக்கும் பன்னுக்குமே அடுப்பு பத்தல. ஒங்களுக்கு எங்கன எடம் தர?" என்றார் அண்ணாச்சி. அடுப்பே வேண்டாம் என்றார் மாமா. கடல் கொந்தளித்துக் கப்பல் சாய்ந்து ஆடும் நாட்களில் சமையலறையில் தீ மூட்ட விடமாட்டார்களாம். அந்த நாட்களுக்காகவே அவர் டார்ட் என்ற கிண்ண வடிவ இனிப்பைக் குளிரவைத்தே செய்யப் பழகியிருந்தார். அண்ணாச்சி யோசித்து, சனிக்கிழமை மாலை ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார். மே மாதம் முழுக்க மாலையில், மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபியில் ஜெபமாலை நடக்கும். முடிந்ததும் கூட்டம் பேக்கரி வழியாகத்தான் வீடு திரும்பும். தட்டு காலியானால் கோடை முழுக்கத் தினமும் வாங்கிக்கொள்வார். மிஞ்சினால் பேச்சு முடிந்தது.

உடைந்த பிஸ்கட்டை உரலில் இட்டுப் பொடிப்பது என் வேலை. மாமா அதில் வெயிலில் வைத்து உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசைந்து, அண்ணாச்சி கொடுத்த சிறிய கேக் அச்சுகளில் விரலால் அழுத்தினார். பிறகு நீர் வடிந்த தயிரையும் டப்பாவில் வந்த கெட்டிப் பாலையும் சேர்த்து அடித்தார். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட, கலவை கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வந்தது. அச்சுகளில் நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு மாம்பழம் வைத்தாள் அத்தை. நான் கரண்டியை நக்கினேன். மிக நன்றாக இருந்தது. அதுவும் எனக்குக் கவலையைத் தந்தது.

இனி அதைக் குளிரவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அத்தையின் அண்ணன் வள்ளம் வைத்திருந்தார். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தார். அச்சுகளைப் பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடி, பெட்டியில் இறக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸைக் கொட்டினார்கள். வெயிலைப் பார்த்து மாமாவுக்குப் பயம் வந்தது.

"சாயங்காலம் வர ஐஸ் நிக்குமா மச்சான்?"

"உப்பு போடும் மாப்ள. உப்பு போட்டு எந்த மீனு கெட்டுருக்கு? ஐஸு மட்டும் கெட்டுருமாக்கும்?"

உப்பளத்திலும் கருவாட்டிலும் வாழும் ஊர்க்காரர்களுக்கு இதில் சந்தேகம் வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் கேள்வி கேட்டிருக்கலாம். நாங்கள் ஒரு படி கல்லுப்பை அள்ளிக் கொட்டினோம்.

மாலையில் பேக்கரியில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பெரும்பாலும் தண்ணீராகியிருந்தது. ஆனால் டின்னைத் தொட்ட மாமா கையை உதறினார். உப்பு ஐஸைக் கரைத்து, அதன் குளிரை இன்னும் கூட்டிவிட்டிருந்தது; உள்ளே டார்ட் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. கத்தியின் அடிப்பக்கத்தால் தட்டித்தான் அச்சிலிருந்து எடுக்க முடிந்தது. அதற்குள் ஜெபமாலை முடிந்து கூட்டம் வந்துவிட்டது. நானும் முன்னதாகவே கெபியில் ஜெபித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மாமா கப்பலேற வேண்டும் என்று.

முதலில் வாங்கியவர் எங்கள் பள்ளி டீச்சர். கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, அம்மி செய்தவன்கிட்ட வாங்கினீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா தலை குனிந்து கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அத்தை தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாதா இவ்வளவு விரைவாகக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் அதைத் திருப்பித் தரவில்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. கையில் வைத்துக்கொண்டே அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புழுக்கத்தில் ஓரம் இளகி விரலில் வழிந்தது. விரலை நக்கினார். திட்டுவதை நிறுத்தினார். மறுபடியும் நக்கினார்.

"ஏளா, இங்கன வா" என்று தன் தங்கையைக் கூப்பிட்டார். "கடிச்சிராத. சும்மா நக்கு."

அதன் பிறகு எல்லோரும் டார்ட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பேக்கரி படியிலேயே நின்றார்கள். ஐஸ்கிரீமும் அல்லாத கேக்கும் அல்லாத அந்தக் குளிர்ச்சியை விட்டு நகர யாருக்கும் மனமில்லை. கூட்டத்தைப் பார்த்து, என்னவென்று கேட்கப் புதிதாக ஆட்கள் வந்தார்கள். தட்டு காலியானது.

அண்ணாச்சி மாமாவைத் தனியே அழைத்தார். "நாளைக்கு எடம் ஒதுக்க முடியாது. திங்கக்கெழமயிலேருந்து கொண்டாங்க. இதே மாதிரி கல்லா வேணும்."

"இது தப்பா உறஞ்சிட்டு அண்ணாச்சி. நல்லா மெத்துன்னு செய்து தாரேன்."

"மெத்துன்னு யாருக்கு வேணும்? அந்தத் தப்பத்தான் கேக்கேன்."

அத்தையின் அண்ணன் இடையில் புகுந்தார். "உப்பு போடச் சொன்னது யாரு? கேளும் அண்ணாச்சி!" ஐஸ் கெடாமலிருக்கத்தான் உப்பு என்று அவர் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, வெற்றி பெற்றவரைப் போல அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வழியில் அத்தை குழந்தையை மாமாவிடம் நீட்டினாள். அது அழுதது. "அழட்டும், நமக்கு நாள் கெடக்கு" என்றாள் அவள். அழுகிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏன் அவ்வளவு மெதுவாக, தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போய்ப் பால்காரரை நிறுத்தினார். இன்றிலிருந்தே தினமும் நான்கு லிட்டர் கூடுதலாக வேண்டும் என்றார்.

"ஒங்க லீவு முடிஞ்சு கப்பலுக்குப் போற வரைக்குமா?" என்று பால்காரர் கேட்டார்.

"நான் நிறுத்தச் சொல்லுத வரைக்கும்" என்று உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

ஏழு மாதக் குழந்தைக்கு நான்கு லிட்டர் பால் மிகவும் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.