மைனஸ் நாலு லிட்டர் பச்சை

அக்காவின் கணவர் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். தாராள மனசுக்காரர், ஆனால் அந்தத் தாராளம் எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும். ஒருமுறை விருந்தாளிகள் கூடிவிட்டார்கள் என்று அரிசியை இரட்டிப்பாகப் போட்டவர், தண்ணீரை மறந்துவிட்டார். அன்றைய சோறு பல் டாக்டருக்கு வேலை வைக்கும் பதத்தில் இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் எனக்கு, வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலே யாருக்கு என்னவோ என்றுதான் தோன்றும். அன்று வீடியோவில் அத்தானின் முகம் பச்சையாக இருந்தது. நிஜமாகவே பச்சை.

"யாருக்கு என்ன ஆச்சு அத்தான்?"

"சுவருக்குத்தான் மாப்ளே!"

ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறை. மூன்று சுவர் முடிந்ததும் பெயிண்ட் தீர்ந்துபோயிற்று. அந்தப் பச்சை கடையிலும் இல்லை. சாயங்காலத்துக்குள் நாலாவது சுவரும் அதே நிறத்துக்கு வந்தால் நாலு மாடிக் கட்டடம் முழுவதற்குமான வேலை அத்தானுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. கைவசம் இருந்தவை வெளிர் பச்சையும் அடர் பச்சையும். வெளிரில் கால் பங்கு நீலம், அடரில் பாதி நீலம், மீதி மஞ்சள். தேவையோ ஆறு லிட்டர். அதே நிறம் வர அதில் நீலம் இரண்டு லிட்டர் இருக்க வேண்டும்.

வெளிரை x, அடரை y என்று வைத்து எழுதச் சொன்னேன்.

x + y = 6
x/4 + y/2 = 2

"ஐயோ, பின்னமா!"

"ரெண்டாவதை நாலால பெருக்குங்க. பின்னம் ஓடிப்போயிடும்."

அட்டைப்பெட்டி மேல் பெருக்கினார்: x + 2y = 2. அதிலிருந்து முதலாவதைக் கழித்தார்.

"வந்துடுச்சு மாப்ளே! வெளிர் பத்து லிட்டர், அடர் மைனஸ் நாலு. அதாவது அடர்ல நாலு லிட்டரை வெளிய எடுக்கணும்."

"ஊத்தவே இல்லையே, எதை எடுப்பீங்க?"

"அப்ப முதல்ல ஊத்திட்டு எடுக்கவா?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இடது பக்கம் எல்லாருக்கும் நாலு மடங்கு பரிமாறிட்டு, வலது பக்கத்து ரெண்டை மட்டும் பட்டினி போட்டுட்டீங்களே! அரிசியைப் போட்டுட்டுத் தண்ணியை மறந்த ஆளுதானே நீங்க!"

இரண்டு எட்டானது. x + 2y = 8. முதலாவதைக் கழித்தால் y = 2; அப்படியானால் x = 4. பதற்றம் அடங்காமல் நான் சரிபார்த்தேன்: நாலில் கால் ஒன்று, இரண்டில் பாதி ஒன்று, ஆக நீலம் இரண்டு.

சாயங்காலம் டாக்டர் வந்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல மூலை மூலையாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எதுய்யா கடைசியா அடிச்ச சுவர்?" என்று கேட்டாராம். கட்டடம் அத்தானுக்கே.

மறுநாள் மறுபடி அழைப்பு.

"மாப்ளே, நாலு மாடிக்கும் சேர்த்து வெளிர் பச்சையை நாலால பெருக்கி ஆர்டர் குடுத்துட்டேன்!"

"அடர் பச்சையை?"

அத்தான் ஆர்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"இன்னைக்கு உங்களுக்குத் தட்டு மட்டும்தான். சோறு கிடையாது."